சூரியன் காய்ச்சிய பிரதோஷ வெந்நீர்

குளிர்காய்ச்சலில் கிடந்து எழுந்த என் மனைவி பச்சைத்தண்ணீரைத் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிரதோஷத்தன்று சாயங்காலம் குளிக்காமல் அவள் கோயில் படி ஏறமாட்டாள். கல்யாணமான நாள் முதல் விடாத விரதம். விறகுக்கட்டோ என் அண்ணாச்சியின் காவலில் இருந்தது.

"ஊரே ஆத்துல குளிக்கி. இவளுக்கு மட்டும் வெந்நியாலே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சீமை எண்ணெய்த் தகரம் ஒன்றை வாடை போகக் கழுவி, வெளிப்புறம் முழுக்க விளக்குக் கரி பூசினேன். மரப்பெட்டிக்குள் அதை வைத்துச் சுற்றிலும் உமி அடைத்தேன். கரையான் தின்ற முருகன் படத்தின் கண்ணாடியை எடுத்து மேலே மூடினேன். தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். உச்சி சாய்வதற்குள் கை பொறுக்காத சூடு!

பிரதோஷத்தன்று அண்ணாச்சி பக்கத்து வீட்டாரையும் கூட்டிவந்துவிட்டார். "சூரிய பகவான் என்ன, ஒம் பொண்டாட்டிக்கு வெந்நி போடுத ஆளாலே?"

கண்ணாடியை எடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். மாற்றுச்சேலையோடு நின்றவள் உள்ளே போய்விட்டாள். கோயில் மணி கேட்டபோது அவள் அழுததை நான் மறக்கவில்லை.

பிறகுதான் பார்த்தேன், தகரம் வெள்ளிச் செம்புபோல மின்னிற்று! பூசைப் பாத்திரங்களோடு அண்ணாச்சியின் மனைவி, என் மைனி, அதையும் தேய்த்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்.

"சாமி கும்பிடக் குளிக்குத தண்ணி கரிப்பாத்திரத்துலயா இருக்கது, கொழுந்தப்பிள்ள? அதான் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன்."

அந்த வெள்ளை மனசை என்ன சொல்ல? ஆனால் சிரித்த அண்ணாச்சியை எப்படிப் பொறுப்பது? விறகு கொடுக்க மனமில்லை, வெயிலையாவது விடக்கூடாதா? வெயில் சிவன் கொடுத்தது. அவர் வீட்டு விறகா அது?

மறுபடியும் கரி பூசினேன். "இதை மட்டும் தேய்க்காதீங்க மைனி" என்று கும்பிட்டுச் சொன்னேன். அடுத்த பிரதோஷத்தன்று ஆவி பறந்தது. அவள் பச்சைத்தண்ணீர் விளாவிக் குளித்து, திருநீறு பூசிக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

பின்னாலேயே போகத் திரும்பினேன். மிச்சத் தண்ணீரை அண்ணாச்சி தம் முழங்காலில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சூடு நல்லாத்தாம்லே இருக்கு. என்ன, கொஞ்சம் வாடை அடிக்கி."

பதில் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தால் என் பிரதோஷம் கெட்டுவிடும். நமசிவாய என்று விழுங்கிக்கொண்டு நடந்தேன்.