பொட்டு வைத்த ரிவால்வர்

அன்று துப்பாக்கிக் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பின்னால் முதலாளி. வாசற்படியில் சைதாப்பேட்டைத் தரகர் கன்னியப்பன். பெஞ்சில் மயிலாப்பூரிலிருந்து வந்த அம்மாள். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து காலமானவரின் மனைவி. பக்கத்தில் அந்த அம்மாளின் தம்பி. இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி லைசென்ஸ் இப்போது இந்தத் தம்பி பேரில். ஜன்னல் ஓரம், வெளிச்சத்துக்காக, நான்.

சண்டை முடிந்ததும் ரங்கூனுக்குத் திரும்பிப் போய்விட்ட பழைய சிநேகிதர் உங்களுக்கு நான் ராயப்பேட்டையில் இருப்பது தெரிந்திருக்காது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது அங்கிருந்து நடந்தே வந்தவன். அங்கே செய்த வேலைதான் இங்கேயும். பழைய ரிவால்வர், பிஸ்டலைப் பார்த்து விலை சொல்வது. ஆனால் இங்கே துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கிறார்கள். கடையில் விற்க வைத்திருப்பதற்குக்கூட வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுகிறார்கள். வீட்டில் இருப்பதற்குச் சந்தனம், குங்குமம். விற்க வரும்போதும் பொட்டோடுதான் வரும். அதை யாரும் துடைப்பதில்லை. குழலுக்குள் பார்ப்பார்கள். சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பார்கள். குதிரையை இழுத்து விடுவார்கள். விலை சொல்வார்கள். வாங்குகிறவனும் பொட்டோடு வாங்கிப் போவான். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

ரங்கூனில் துரை கடையில் முதல் காரியம் துடைப்பது. மரக் கம்பெனிக்காரன் கொண்டு வந்தாலும் சரி, கப்பல்காரன் கொண்டு வந்தாலும் சரி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். துடைக்காமல் விலை சொன்னால் துரை திட்டமாட்டார். கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அப்படிப் பழகிய கை என்னுடையது. படிப்பு இல்லை. கைதான் சோறு போட்டது.

அம்மாள் மஞ்சள் துணியைப் பிரித்தார். பாயின்ட் முப்பத்தெட்டு ரிவால்வர் ஒன்று. சிலிண்டருக்கு மேலே சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"பத்து ரவுண்டுகூட சுட்டிருக்க மாட்டாரு இன்ஸ்பெக்டரு," என்றார் கன்னியப்பன். "ரங்கூன் நைனா, கண்ண நல்லா தொறந்து பாரு. பாத்துக்கினே தூங்கிடாதே."

அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரங்கூனாப்பா நீ? எம் புள்ளைக்கு அங்க அரிசி மில்லுல வேல கெடச்சிருக்கு. வர்ற வாரம் கப்பல். டிக்கெட்டுக்கும் கைச்செலவுக்கும் நூத்தம்பது வேணும். அதுக்குத்தான் இத விக்கறேன். அங்க தனியா இருந்துடுவானா?"

"இருக்கலாம்மா," என்றேன். நான் அங்கிருந்து வந்த கதை அவருக்கு எதற்கு.

ஜன்னல் பக்கம் திருப்பிக் குழலைப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. சிலிண்டரில் ஆட்டம் இல்லை. குழலிலும் சிலிண்டரிலும் ஒரே நம்பர், பாகம் எதுவும் மாற்றவில்லை. மனதில் விலை வந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கை மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவிட்டது. ஒரே இழுப்பு.

துணியெல்லாம் சிவப்பு. தலையைத் தூக்கினேன். அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வெறுமையாக இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"இன்னா நைனா," என்றார் கன்னியப்பன், குரலை இறக்கி. "அந்தம்மா எதிர்லயே பொட்டத் தொடச்சிட்டியே."

நானும் தமிழன்தான். என் அம்மாவும் வெறும் நெற்றியோடு இருந்தவள்தான். எனக்குத் தெரியாதது இல்லை. கைக்குத் தெரியவில்லை.

பொட்டு இருந்த இடத்தில் இரும்பு அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது. ஈரச் சந்தனம் அரித்திருக்கிறது. முதலாளி வாங்கி நகத்தால் தடவினார். "நகம் மாட்டுது. தொண்ணூறு," என்றார்.

"வெள்ளிக்கிழம தவறாம நான்தான் வெச்சேன்," என்றார் அம்மாள். "எனக்குத்தான் கூடாது. அவரோடதுக்கு வெக்கலாமேன்னு."

பிறகு தம்பி, "அக்கா, வேற கடை பாக்கலாம்," என்றார்.

"குழி தெரியுதே சார்," என்றார் கன்னியப்பன். "வெள்ளக்காரன்லாம் மூட்ட கட்டிக்கினு கீறான். எந்தக் கடையப் பாத்தாலும் ரிவால்வருதான். வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. பழையபடி பொட்டு வெச்சு எட்த்துக்கினு போங்க. எவனும் தொடைக்க மாட்டான்."

"தொடச்சதுக்கு மறுபடி வெக்கறதா," என்றார் அம்மாள். "வேணாம். குடுத்துடு."

தொண்ணூறை எண்ணி வாங்கித் தம்பி பையில் போட்டுக்கொண்டார். பிள்ளை அந்தக் கப்பலில் போகவில்லை என்று பிறகு கன்னியப்பன் சொன்னார். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

இப்போதும் பொட்டோடு துப்பாக்கி வருகிறது. வலது கை துணிக்குப் போகும். இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்று அந்த ஊர்க் கை, ஒன்று இந்த ஊர்க் கை. இரண்டும் மேஜைக்கு அடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் நான் பணிவாக உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள்.

அன்று அம்மாள் படி இறங்கப் போனவர் நின்றார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நீ தொடைக்காம இருந்திருந்தா என்னப்பா சொல்லியிருப்பே?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்கு அது வரவில்லை.

நூற்று எழுபது ரூபாய் என்றேன்.