நாமக்கல் பக்கத்து ஏரியில் நீலச்சிறகிகள்

மார்ச் மாதக் கடைசி. காலை ஐந்தேகாலுக்கு ரயில் என்னைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. பொன்னேரியில் கிளம்பும்போதே வீட்டில் ஒரே கேலி. "கடலோரத்துல குடியிருந்துக்கிட்டு, பறவை பார்க்க யாராவது காய்ஞ்ச ஊருக்குப் போவாங்களா?" என்றார் என் கணவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பனிக்காலத்துக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் இந்தப் பருவத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நாமக்கல் பக்கம், சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவில் ஒரு ஏரியில் நீலச்சிறகி வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருப்பதாக யாரோ வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார்கள். நெடும்பயணத்துக்கு முன்னால் அவை வயிறு நிரப்பிக்கொள்ளும் இடம். பார்த்தே தீருவது என்று எனக்குப் பிடிவாதம் பிடித்துவிட்டது.

புதிய பேருந்து நிலையத்திலிருந்து நாமக்கல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. லாரிப் பட்டறைகள், வரிசையாக நிற்கும், போர் போடும் ரிக் வண்டிகள், அப்புறம் நீள நீளமாகக் கோழி ஷெட்டுகள்.

நாமக்கல்லில் ஆட்டோ பிடித்தேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநருக்கு என் காரியம் பிடிபடவே இல்லை.

"வாத்துப் பாக்கவா மெட்ராஸ் பக்கமிருந்து வந்தீங்க? எங்கூட்டுக்குப் பக்கத்துலயே வளக்கறாங்களேங்க. வேணும்னா ரெண்டு புடிச்சுத் தரச் சொல்றனுங்க."

"சமைக்க இல்லீங்க. சும்மா பார்க்க."

"சும்மாவா!" என்று கண்ணாடியில் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

எட்டரை மணிக்கு ஏரிக்கரை ஏறினேன். அடேயப்பா! நடுத்தண்ணீர் முழுக்க நீலச்சிறகிகள். ஆண் வாத்துகளின் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தின்றுகொண்டே இருந்தன. ஓரச் சேற்றில் உள்ளான்கள், வரப்பில் மஞ்சள் வாலாட்டிகள். பசியே மறந்துபோயிற்று.

பதினோரு மணிக்கு மேல் ஒரு பெண் கரையோடு வந்தார். ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி இருந்த கோழிப்பண்ணையின் சொந்தக்காரர். ஈஸ்வரி என்று பேர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், "சாப்புட்டீங்களாக்கா?" என்றார். இல்லை என்றேன். வாங்க என்று கூட்டிப்போனவர் பண்ணைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஏரிச் சேத்தோட உள்ளுக்கு உடமாட்டோம். சொந்த அண்ணன் வந்தாலும் மருந்துத் தண்ணியில கால் நனைச்சுட்டுத்தான் வரோணும். இப்ப அதுவும் இல்லீங்க, ஆருமே வரக்கூடாது."

வேப்பமரத்தடிக்குச் சோறும் தட்டைப்பயறுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். நான் சாப்பிடச் சாப்பிட விஷயம் வந்தது. மேற்குக் கரைப் பண்ணையில் அந்த வாரம் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கின்றன. கால்நடை டாக்டர் வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். பறவைக் காய்ச்சலா என்று இன்னும் முடிவு வரவில்லை.

"இந்த வாத்துகதான் சீக்கு கொண்டாருதுங்கறாங்க. பண்ணைக்காரங்க எல்லாம் பேசியாச்சுங்க. இன்னிக்குச் சாயங்காலம் நாலு கரையிலயும் வெடி போட்டு முடுக்கறது."

"ஐயோ, இன்னும் நாலஞ்சு நாள்ல அதுங்களே போயிடும்மா! இப்ப துரத்தினா வழியிலேயே விழுந்து செத்துப்போகும். இமயமலையைத் தாண்டிப் போகணும். அதுக்குத்தான் இப்படித் தின்னுதுங்க" என்று கத்தினேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன்.

ஈஸ்வரி ஏரியைப் பார்த்தார். கிழக்குக் கரை அவருடையது. அந்தப் பக்கம் வெடி இல்லையென்றால் வாத்துகள் அங்கே ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளும். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க படிச்சவங்க. இதுகளால எங்கோழிக்குச் சீக்கு வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. எம்பக்கம் வெடி போடாம உட்டர்றேன். ஊர்ல ஆரு கேட்டாலும் நாம் பாத்துக்கறேன்."

"பெரும்பாலும் வண்டி, முட்டை அட்டை, மனுஷங்க செருப்பு, இதுலதாம்மா பரவும்..."

"பெரும்பாலும் வேண்டாங்க. வராதுன்னு சொல்லுங்க."

காட்டு வாத்துகளும் அந்த நோயைச் சுமந்து வரலாம். நான் படித்ததுதான். இந்தப் பாழாய்ப்போன வாய் அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது.

"பாருங்க, உங்களுக்கே தெரீல. நீங்க பாத்துட்டுப் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கோணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாலை நாலரைக்கு மேற்குக் கரையில் முதல் வெடி. ஏரியே எழுந்தது போலிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, வாத்துகள் சத்தமில்லாத கிழக்குப் பக்கம் சரிந்து இறங்கின. தண்ணீரைத் தொடும் நேரத்தில் ஈஸ்வரி தன் திரியைப் பற்றவைத்தார். மறுபடி எழுந்தன, மறுபடி இறங்க வந்தன. ஒவ்வொரு முறையும் கூட்டம் சிதறிச் சிறிதாயிற்று. வெடிச் சத்தத்துக்கு ஷெட்டுக்குள் கோழிகளும் அலறிக்கொண்டிருந்தன. கடைசியில் தண்ணீரிலேயே வாழும் கறுப்பு நாமக்கோழிப் பறவைகள்கூட மிச்சமில்லை. கரையில் உட்கார்ந்து அழுதேன். என் வயதுக்கு அப்படி அழுதிருக்கக் கூடாதுதான். ஈஸ்வரி பக்கத்தில் வந்து நின்று, "இருட்டப் போவுதே, எங்கீங்க்கா எறங்கும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

சேலம் திரும்பும் பேருந்தில் பொழுது மங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு ஏரியில் சீமைக்கருவேலம். இன்னொன்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடி முடித்து ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு கரையில் விரட்டினால் அடுத்த உப்பங்கழிக்குப் போய் உட்காரும். இங்கே அடுத்தது என்று ஒன்று இல்லை.

வீடு வந்து நான்காம் நாள் ஈஸ்வரியிடமிருந்து அழைப்பு.

"ரிசல்ட்டு வந்துருச்சுங்க்கா. காய்ச்சலெல்லாம் இல்லியாமா. அந்தப் பண்ணையில தீவனத்துல பூசணம் புடிச்சுக் கெடந்துருக்குது. அதுலதான் செத்துருக்குதுக." பிறகு, "அதுக இனி வருமுங்களாக்கா?" என்றார்.

"வரும்மா. அடுத்த மார்கழிக்குக் கட்டாயம் வரும்" என்றேன். யோசிக்கவே இல்லை. எந்த வாத்து பிழைத்தது, எது விழுந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவு சுலபமாக வாயில் வருகிற பொய், அன்றைக்கு வேப்பமரத்தடியில் வரவில்லை.