தொண்டையைப் பார்க்கும் டீச்சர்

மட்டாஞ்சேரியில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் டீச்சர், ஒருத்தி தனியாகக் கோட்டில் நின்று ஃப்ரீ த்ரோ போடும்போது கூடையைப் பார்க்கவே மாட்டார். போடுகிறவளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெயிலில் கறுத்த ஒல்லியான பெண். ஊதாத விசில் எப்போதும் பல்லிடுக்கில் இருக்கும். “எச்சில் முழுங்கினா பந்து போச்சு, கேட்டோ” என்று மலையாளம் கலந்து சொல்வார்.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கா என்பதுபோல என்னை இத்தா என்றுதான் அழைப்பார்.

“இத்தா, வீட்டுல எதைச் சொன்னா உங்க மக அழுவா?”

“அவ அத்தா, என் வீட்டுக்காரர், மவுத்தாகி வருஷம் ஆகல டீச்சர். அந்தப் பேச்சை எடுத்தா தாங்க மாட்டா.”

“எதிர் டீம் அதைத்தான் கத்தும். முதல்ல நம்ம பிள்ளைங்க கத்தட்டும். கேட்டுக் கேட்டு மரத்துடும்.”

சொல்லும்போது அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நான் பார்த்தேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டீமிலிருந்து எடுத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு.

அதன்பின் தினமும் சாயங்காலம், அவள் பந்தோடு கோட்டில் நிற்கும்போதெல்லாம் கூட விளையாடும் பிள்ளைகள் சுற்றி நின்று, “உன் அத்தா எங்கேடி?” என்று கத்தினார்கள். முதல் வாரம் பந்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பிறகு ஓடவில்லை. திருப்பூணித்துறையில் நடந்த மேட்சில் ஒரு ஃப்ரீ த்ரோகூடத் தவறவிடவில்லை. எதிர் டீமில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் என் கணவருக்கு வருஷ ஃபாத்திஹா. ஓதி முடித்தபோது வீடே அழுதது. நான் மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

அதைக் கத்தச் சொன்ன அன்று டீச்சருடைய தொண்டையாவது ஒருமுறை அசைந்தது.