சித்தி ஏன் ஓரமாகப் போகச் சொல்கிறாள்

நேற்று விடியற்காலையில் நான் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது உங்கள் சித்தி வாசலுக்கு வந்து, "ஓரமாவே போங்க மாமா" என்றாள். நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். உள்ளே படுத்திருந்த உங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஓரமா ஓட்னா படகு மணல்ல தட்டிக்கும். சித்திக்கு இதுகூடத் தெரியல பாரு" என்று பெரியவள் சொன்னதும், சின்னவன் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்ததும் என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அப்பா எட்டாவது வரைக்கும் படித்தவன். இதை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். எழுதினால் நிறுத்தி நிறுத்தி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. சித்தி வீராம்பட்டினத்துப் பெண். அவள் அப்பா, அண்ணன்மார் எல்லாருமே கடலுக்குப் போனவர்கள். எங்கே மணல் தட்டும் என்று உங்களைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும்.

தேங்காய்த்திட்டிலிருந்து நாங்கள் கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆறு வந்து கடலில் விழுகிற வாய் அது. இரண்டு பக்கமும் மணல் ஏறிக் கிடக்கும். எவ்வளவு வாரினாலும் திரும்ப வந்து சேரும். ஆழம் நடுவில்தான். ஓரத்துக்குப் போன படகு தட்டும், தட்டிய படகை அலை புரட்டிப் போடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போகிறவன் வாசலில் நின்று "வரேன்" என்பான். வீட்டுப் பெண் ஒருத்தி "நடுவால போய் வாங்க" என்பாள். அதைக் கேட்காமல் யாரும் தெருவில் இறங்க மாட்டோம். பிறகு கடலுக்குப் போகிறவர்களுக்கு என்று இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பரீட்சைக்குப் போனாலும், சினிமாவுக்குப் போனாலும் அதே வார்த்தைதான் என்று ஆகிவிட்டது. ஒருமுறை உங்கள் அம்மா பஸ் ஏறப் போனபோதும் சித்தி அதையே சொன்னாள். "ரோட்டு நடுவால போனா லாரிக்காரன் உட்ருவானாடி?" என்று உங்கள் அம்மா கேட்டாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம், சித்தியும் சேர்ந்துதான்.

இனி உங்கள் சித்தப்பா. உங்களுக்கு நினைவிருக்காது, போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள். என் தம்பிக்குச் சின்ன வயதில் கடல்மேல் ஆசை கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போய், விமான நிலையத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எங்கள் அம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தைக் கொண்டு அவன் பிரான்சுக்குப் போனான். அங்கே ஒரு சின்ன விமானத்தளத்தில் கூட்டிப் பெருக்கினான், என்ஜின் துடைத்தான், மிச்சம் பிடித்த பணத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டான். பிறகு வேறொரு நாட்டில், ஆற்றுக்கு இரண்டு பக்கமும் வானத்தைத் தொடுகிற கட்டடங்கள் உள்ள ஒரு பெரிய நகரத்தில், சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்காட்டுகிற சின்ன விமானத்தில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் உடனே போனில் தேடுவீர்கள். அந்தப் படங்களை நீங்கள் பார்க்க வேண்டாம்.

இடையில் ஊருக்கு வந்து சித்தியைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு அப்போது விசா வரவில்லை. அதனால் நம்மோடுதான் இருந்தாள். அவன் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடியோ காலில் வருவான். விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, "வரேன்" என்பான். இவள் இங்கே அடுப்படியில் நின்றுகொண்டு, "நடுவால போய் வாங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவன் ஏறுவான். ஒருநாள் மேலேயிருந்து எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினான். கீழே ஆறு பளபளவென்று போகிறது, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். "ண்ணா, நம்ம முகத்துவாரம் மாதிரியே இல்ல? மணலுக்குப் பதிலா மாடி. மீன்தான் கெடையாது" என்றான். நானும் ஆமாம் என்றேன். அப்படித்தான் இருந்தது.

லீவுக்கு அவன் வருவதற்குப் பதில் அவன் உடல் வைத்த பெட்டி வந்தது. சென்னையில் போய் வாங்கி வந்தோம். திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தி திறக்கச் சொல்லி அழவில்லை. பெட்டியின் மேலே கையை வைத்தபடி, வண்டியில் வழி நெடுக அப்படியே உட்கார்ந்து வந்தாள். விமானம் கட்டடத்தில் மோதியபோது உள்ளே அவன் மட்டும்தான் இருந்தான் என்று சொன்னார்கள். பழுது பார்த்த விமானத்தைத் திரும்பக் கொண்டுவந்து விடப் போயிருக்கிறான். வேறு யாரையும் ஏற்றவில்லை என்பதில் ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, அவனோடு வேலை செய்தவர் ஒருவர் வந்தார். காரைக்கால் பூர்வீகம். பேச்சில் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. நல்ல மனிதர், இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. எப்படி நடந்தது என்று நான்தான் கேட்டேன். சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அவர் நம் சாப்பாட்டு மேசையின் இரண்டு விளிம்பையும் கரை என்று காட்டினார். தன் சாவிக்கொத்தை விமானம் என்றார். அந்த நகரத்தில் பெரிய விமானங்கள் மேலே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சின்ன விமானங்கள் தாழ்வாக, ஆற்றுக்கு மேலேயே போகவேண்டும். ஓர் இடத்துக்கு அப்பால் அனுமதி இல்லை. முட்டுச்சந்து மாதிரி, அங்கே போய்த் திரும்பத்தான் வேண்டும். அன்றைக்கு மேகம் இறங்கியிருந்ததால் மேலே ஏறித் தப்ப வழியில்லை. காற்றும் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

நம் தெருவில் மீன் டெம்போ எப்படித் திரும்புகிறது என்று பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு, பிறகு ஒடிப்பார்கள். போதாவிட்டால் பின்னால் எடுத்துத் திருப்புவார்கள். விமானத்துக்கு நிற்கவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது. அதனால் காற்று எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அந்தக் கரையை ஒட்டியே போய், காற்றுக்கு எதிராகத் திரும்ப வேண்டுமாம். அப்போதுதான் ஆற்றின் அகலம் முழுக்கக் கையில் இருக்கும், காற்றும் அகலப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். தம்பி அப்படிப் போகவில்லை. நடு ஆற்றில் போய், காற்று போகிற பக்கமாகவே திரும்பியிருக்கிறான். அவர் சாவியை மேசை நடுவில் ஓட்டி வளைத்துக் காட்டினார். அது விளிம்பைத் தாண்டி அவர் கையில் விழுந்தது.

சித்தி அப்போதுதான் பேசினாள். "அப்ப நடுவால போவக் கூடாதா?"

அவருக்கு நம் வீட்டு வழக்கம் தெரியாது. பாவம், தங்கைக்குப் பாடம் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "கூடாது தங்கச்சி. நடுவுல போனா பாதி அகலம்தான். அந்தப் பாதியையும் காத்து தின்னுடும்."

"அவருக்கு அது தெரியாதா?"

"தெரியும். அவனே புதுசா வர்ற ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். ஆனா மேகம், காத்து, அவசரம்னு வர்றப்ப கை பழகின பக்கமாத்தான் போகும்."

நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் நிறுத்திக்கொண்டார், ஏன் என்று புரியாமலேயே. சித்தி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் உங்கள் அம்மாவும் எவ்வளவோ சொன்னோம். காற்றுதான் காரணம், மேகம்தான் காரணம், அவ்வளவு ஒடுக்கமான வழியை விட்டவர்கள்தான் காரணம் என்றோம். நீ சொன்னது தண்ணீரில் போகிறவனுக்குச் சொல்லும் வார்த்தை, அதை ஆகாயத்தில் எவனும் எடுத்துக்கொண்டு போக மாட்டான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நான் சொல்லாம அவரு ஏற மாட்டாரு மாமா" என்றாள்.

பிறகு நம் வாசலில் அந்த வார்த்தை நின்றுபோனது. நான் "வரேன்" என்பேன். அவள் வருவாள், நிற்பாள், வாய் திறக்காது. உங்கள் அம்மாவும் சொல்லவில்லை. அவள் எதிரில் எப்படிச் சொல்வது? ஒன்றும் கேட்காமல் தெருவில் இறங்குவது எனக்குச் சட்டை போடாமல் போவதுபோல் இருந்தது.

மழைக்காலம் போய்க் கடல் அடங்கிய பிறகு ஒருநாள், நான் "வரேன்" என்றதும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓரமாவே போங்க மாமா" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். மீனவன் வீட்டில் பிறந்த பெண், ஓரத்தில் மணல் என்று தெரிந்த பெண், கதவைப் பிடித்துக்கொண்டு நான் சரி என்று சொல்வதற்காக நின்றாள். நான் "சரிம்மா" என்றேன். அன்று தொடங்கியதுதான்.

அதனால் இனிமேல் சிரிக்காதீர்கள். பெரியவளே, நீ சைக்கிளில் போகிறவள், உனக்கு அது நல்ல புத்திதான். சின்னவனே, நீ எங்கே போனாலும் அவள் வாசலுக்கு வந்து அதைச் சொல்லட்டும். "சரி சித்தி" என்று சொல்லிவிட்டுப் போ. திருத்தாதே.

நான் தினமும் முகத்துவாரத்தில் படகை நடுவில்தான் விடுகிறேன். இரண்டு பக்கமும் மணல்மேல் அலை உடைந்து வெள்ளையாகக் கிடக்கும். திரும்பி வந்ததும் அவள் வந்து பையை வாங்கிக்கொள்வாள்.

"ஓரமாதான வந்தீங்க?"

"ஆமாம்மா. ஓரமாதான்."

அதைக் கேட்ட பிறகுதான் மீன் கழுவ உட்காருவாள்.