கதையில்லாத ஆட்டத்துக்கு நான் சொன்ன கதை

நான் சொன்ன பொய்யை இப்போது போய்த் திருத்தலாமா, கூடாதா? ஆறு மாதமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸில் நடந்தது. ஊருக்கே அந்த ஒரு டி.வி.தான். தமிழ்ப் படத்துக்காக எல்லோரும் காத்திருக்க, வெளிநாட்டு நடனம் போட்டார்கள். கைக்குழந்தையோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நடனம் ஒரு காதல் கதை. பேச்சே இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்தது. காதலித்தவன் ஏமாற்றிவிட, அந்தப் பெண் சுருண்டு விழுந்து செத்துப்போனாள். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐப்பசியில்தான் பதினாறு வயது மகளை ஜுரத்துக்குப் பறிகொடுத்திருந்தார்.

அடுத்த நடனத்துக்குக் கதை கிடையாது, இசையும் ஆட்டமும் மட்டும்தான் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். பத்தாவது வரை படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் செத்துப்போனவளாக நடித்த அதே பெண், வெள்ளை உடையில், பத்துப் பெண்களோடு ஆடிக்கொண்டு வந்தாள்.

"செத்தவ எப்டி ஆடிக்கினு கீறா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"பத்தாவது படிச்சவ குந்திக்கினு கீறாளே, அவளக் கேளு."

"அவ இங்கிலீஷையெல்லாம் கொயம்புல கரைச்சிட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். கதையே இல்லை என்று சொன்னால், எனக்குப் புரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். அந்த வெட்கத்தில், "அவ மேல போய்ட்டா. அங்க நோவு கெடையாது. கூட்டாளிங்களோட ஆடறா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெய்யாவா?"

"ஆமாங்க்கா."

மறுநாள், பல வாரங்களுக்குப் பிறகு அவர் தலை வாரியிருந்தார். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தேன். ஆனால் ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து டி.வி. முன்னால் உட்காருவார். படம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். "அந்த ஆட்டத்த எப்பம்மா திரும்பக் காட்டுவாங்க?" என்று என்னைத்தான் கேட்பார்.

போன வாரம், என் குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அந்த எடத்துக்கு அம்மாங்களும் போவலாமா?"

ஓடிப்போய் அவர் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அக்காவைத் தனியே விடுவதில்லை. அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. பொய் என்று சொன்னால், அவர் மகளை இன்னொரு முறை சாகடித்தவளாகிவிடுவேனோ? சொல்லாமல் விட்டால், அவரையே அங்கே அனுப்பிவிடுவேனோ? குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட இதே நினைப்புதான்.

பிள்ளையைப் பறிகொடுத்து மீண்டு வந்த தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால், நான் என்ன செய்ய வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை.