மிளகளவு அபின்

சிறுமலை அடிவாரத்தில் பஸ் நிற்கிறது. மிளகு மூட்டை ஏற்றும் முத்தையா பீடி எடுக்கையில், அபின் பழகியவர்களுக்குச் சர்க்கார் அளந்து கொடுக்கும் பர்மிட் அட்டை கீழே விழுகிறது. என் வாய் சும்மா இருக்கிறதா?

“கஞ்சாவில் ஆரம்பித்துத்தானே இதற்கு வந்தீர்கள்?”

“கஞ்சா இழுத்தவுக எங்கூர்ல பத்துப் பேரு சார். அபினுக்கு வந்தது நான் ஒருத்தன்தான். இடுப்பு வலி கொண்டாந்து விட்டுச்சு. சுண்டக்கா அளவு தின்னேன். அட்டையில சர்க்கார் வருசா வருசம் குறைச்சுக் குறைச்சு இப்ப மிளகளவு.”

அளவு பார்க்க மடியில் ஒரு மிளகும் வைத்திருப்பாராம். நேற்றுக் காலை டீயோடு விழுங்கிவிட்டு உச்சிப்பொழுதுவரை மூட்டை தூக்கியிருக்கிறார். பிறகு மடியை அவிழ்த்தால் அபின் உருண்டை அப்படியே இருக்கிறது. விழுங்கியது மிளகை!

“இன்னைக்கு?”

அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்.

“இன்னைக்கும் மிளகுதான் சார். தெரிஞ்சே முழுங்குனேன்.”