அடிப்பக்கத்து ஒட்டு

மெட்ராஸ் யாருக்கு என்று ஆந்திராக்காரர்களும் நம்மவர்களும் மல்லுக்கட்டிய அந்த வருஷம், ராயபுரத்தில் எங்கள் தெருவில் உடைந்த சாமான்களில் பாதி தானாக உடைந்தவை அல்ல. நான் உடைத்தவை. குழாயடிக் கைப்பிடி, கன்னியம்மா மீன் கூடை வைக்கும் இரும்புச் சட்டம், தேவகிருபை டீச்சர் வீட்டு ஜன்னல் கம்பி, இன்னும் சில. எட்டாம் வகுப்பில் கணக்கு வராமல் பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறென்ன செய்வான் என்று தெருவே சொல்லிக்கொண்டது. ஆனால் எதையும் நான் விளையாட்டுக்காக உடைக்கவில்லை. இதை எங்கள் அம்மாவே நம்பமாட்டாள். ஆகையால் பதுருன்னிசா அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும்.

அக்காவைப் பழவேற்காட்டிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு லியாகத் அலி பாய்க்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒல்லியான உடம்பு. குழந்தை இல்லை. முழங்கைக்குக் கீழே எப்போதும் சின்னச் சின்னத் தீக்காயம் இருக்கும். கேட்டால், தோசைக்கல் சுட்டுவிட்டது என்பாள். அந்த வீட்டில் தோசை சுட்டு நான் பார்த்ததே இல்லை.

பாய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வெல்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் சாக்குத் திரையைக் கட்டிவிட்டுச் சில்லறை வேலை பார்ப்பார். சைக்கிள் ஃபோர்க்கு, ஸ்டவ்வின் கால், ரிக்‌ஷாவின் மிதிகட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். திரை எதற்கு என்றால், “நெருப்ப பாத்தா கண்ணு பூடும்பா. கொயந்தைங்க சுத்திகினு கீதுங்க” என்பார். அவர் வீட்டிலிருந்து வரும் ஒட்டு கொடுவா மீனின் செதில் மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று, ஒரே அளவு, ஒரே சாய்வு. காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் தேடிக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் நான் அந்த வீட்டுச் சுவரில் ஏறினேன். பாய் கேஸ் உண்டாக்க வைத்திருந்த கார்பைடைத் திருடத்தான். டப்பாவில் ஒரு துண்டு கார்பைடு போட்டு, எச்சில் துப்பி மூடி, ஓட்டையில் தீக்குச்சியைக் காட்டினால் தெரு நாய் எல்லாம் எண்ணூர் வரைக்கும் ஓடும். சுவர் மேலிருந்து பார்த்தால், லியாகத் பாய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டிருக்கிறார். பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெருப்பு கக்கும் டார்ச்சைப் பிடித்திருப்பவள் பதுருன்னிசா அக்கா.

நான் இறங்குவதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். நெருப்பை அணைத்தாள். பொத்தென்று ஒரு சத்தம்.

“பாத்துட்டியா, வேம்பு?”

“இல்லக்கா.”

“இன்னா பாக்கல?”

“நீ ஒட்டுறத பாக்கலக்கா.”

பாய் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “வெளிய சொன்ன, உன் டப்பாக்குள்ள உன்னையே வெச்சி வெடிச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு கார்பைடை எடுத்து என்னிடம் எறிந்தாள்.

அதற்கப்புறம் திரைக்கு உள்ளே போய் உட்கார எனக்கு மட்டும் அனுமதி. விஷயம் மெல்ல மெல்லத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஓரத்தில் கட்டிய சாரத்திலிருந்து பாய் விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து வலது கை நிற்காமல் நடுங்குகிறது. யார்டில் அவருக்குத் தகடு வெட்டுகிற வேலை. கையை ஒரு இரும்புச் சட்டத்தோடு அணைத்து வைத்து வெட்டினால் நடுக்கம் வெளியே தெரியாது. எப்போதாவது ஒட்டு வைக்கச் சொன்னால் கரடுமுரடாக வைத்துவிட்டு வந்துவிடுவார். கெட்டிக்காரத்தனம் இல்லாத ஆள் என்று விட்டுவிட்டார்கள். நடுங்குகிற ஆள் என்று தெரிந்தால் வேலையில் விட்டுவைக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் ஒட்டு வேலையில் முதலில் அவருக்கு உருக்கும் கம்பியைப் பிடித்துக் கொடுத்த அக்கா, ஒருநாள் டார்ச்சையும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

திருவொற்றியூர் ரோட்டில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு எதிரே ஒரு கடை காலியாக இருந்தது. பின்னால் கதவு போட்ட ஓர் அறை உண்டு. “முன்னால அவரு ஒக்காந்து சாமான் வாங்குவாரு. பின்னால கதவ சாத்திகினு நான் செய்வேன்” என்று அக்கா சொல்வாள். யார்டு அவரை வெளியே தள்ளுவதற்குள் அந்தக் கடையை எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் அத்தனை தீக்காயமும்.

கடையின் சொந்தக்காரன் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தான். வருகிற வேலை போதவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே உதவியை நான் செய்தேன். குழாயடிக் கைப்பிடி முதல் பலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வாசலில் பளபளவென்று ஒரு சைக்கிள் நின்றது. எங்கள் தெருவிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்கு வாராவாரம் வருகிறவருடையது. ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் ஸ்டாண்டு இரண்டாகப் போயிற்று. நானே பதறியதுபோல் ஓடி, நானே அதைக் கழற்றி எடுத்துப்போய், அடுத்த வாரம் நானே கொண்டுவந்து மாட்டினேன்.

அவர் குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்தார்.

“யார்ரா வெச்சது?”

“எங்க லியாகத் அலி பாய், சார். இந்த மாரி கை மெட்ராஸ்ல வேற யாருக்கும் கெடையாது.”

“எந்த லியாகத்து? யார்டுல தகடு வெட்றவனா?”

“அவரேதான்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் அந்த யார்டின் மேஸ்திரி பக்தவச்சலம் என்று. நல்லதாகப் போயிற்று, நாளைக்கே பாய்க்குப் பெரிய வேலை கொடுப்பார் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே அப்படித்தான்.

மறுநாள் பாய் வந்து திரைக்குள் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்.

“‘யார்டுக்கு நொண்டிக் கை, வூட்டுக்கு நல்ல கையாடா’ன்னு கேட்டாரு. சம்பளத்த வாங்கிகினு ஏமாத்துறேனாம். வர்ற ஞாயித்துக்கெயம இங்க வந்து பாக்கப்போறாராம். கீற சாமான்லாம் அந்த ஸ்டாண்டு மாரி இருந்தா, திங்கக்கெயம யார்டு கேட்டுக்குள்ள வராதன்னுட்டாரு.”

“நெஜத்த சொல்லிட்டா இன்னாங்க?” என்றாள் அக்கா.

“இன்னான்னு சொல்ல? கை ஆடுதுன்னா, ஆடுற கைக்கு இங்க இன்னா வேலன்னுவாரு. இது என் பொண்டாட்டி கைன்னா தெருவுல எவனாவது சும்மா இருப்பானா?”

“தெரு பேசறத நான் கேட்டுக்குவேன். அது பெருசில்ல.”

“எனக்குப் பெருசு.”

ஆட்கள் வந்து வாங்கிப்போகக் காத்திருந்த சாமான்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் செதில் செதிலாக ஒட்டு. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “அப்ப வூட்லயும் நொண்டிக் கைதான் இருக்கணும்” என்றாள்.

கண்ணாடியை மாட்டினாள். முதலில் ஒரு ரிக்‌ஷா மிதிகட்டை. தன் ஒட்டையே திரும்ப உருக்கினாள். கம்பி உருண்டு ஒரு கட்டி, பக்கத்தில் இன்னொரு கட்டி, அப்புறம் ஒன்று கோட்டை விட்டு ஒதுங்கி, மறுபடியும் கட்டி. பார்த்துப் பார்த்து, மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் அதைக் கெடுத்தாள்.

பாய் எழுந்து வந்து பார்த்தார். அந்தக் கட்டிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒதுங்கிய இடத்தில் விரல் நின்றது.

“அப்டியே என் கையி” என்றார்.

அவள் நிமிரவில்லை. அவர் தொப்பிகூடப் போடாமல் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

நாலு நாள் எல்லாவற்றையும் அப்படிச் செய்தாள். ஆனால் ஒவ்வொன்றையும் கெடுத்த பிறகு கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கத்தில் இன்னொரு ஒட்டு வைத்தாள். அது பழைய செதில் ஒட்டு. கம்பியும் கார்பைடும் இரண்டு மடங்கு ஆனது.

“இது எதுக்குக்கா?” என்றேன்.

“ரிக்‌ஷால ஆளு ஏறும்டா. ஒட்டு உட்டுகினு போனா?”

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். ஆக்ஸிஜன் சிலிண்டர் காலி என்று பாய் சொல்லிவிட்டதால் ஒட்டிக் காட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்தார். முதலில் முகம் கடுகடுவென்று இருந்தது. நாலாவது சாமானில் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாய்யா இது, கொயந்த மூக்க சிந்தி வெச்ச மாரி?”

“நம்ம கை அவ்ளோதான் சார்.”

“அப்ப என் ஸ்டாண்டு?”

“அன்னிக்கு இன்னாவோ நல்லா வந்துடிச்சு சார்.”

“அத்தோட நிறுத்தியிருக்கலாம். இதுக்குப்போய் சந்தேகப்பட்டேன் பாரு.”

திரைக்குப் பின்னாலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய டீயைக் குடித்தார். எந்தச் சாமானையும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. போகும்போது டீக்கடையில் நின்று, லியாகத்தின் கை தகடு வெட்டத்தான் லாயக்கு, அவனிடம் சாமான் கொடுப்பவன் ஏமாளி என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

யார்டு வேலை பிழைத்தது. ஆனால் மேஸ்திரி வாராவாரம் தங்கை வீட்டுக்கு வருகிறவர். வழியில் எதைப் பார்த்தாலும் பார்ப்பார். ஆகவே அக்காவால் எதையும் மேல்பக்கம் நன்றாக ஒட்ட முடியாமல் போயிற்று. சாமானை வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பாதிக்காசு கொடுத்தார்கள். “இன்னா பாய், முன்ன மாரி இல்லியே” என்றார்கள். பாய், “வயசாவுதில்ல” என்பார். அவருக்கு அப்போது முப்பத்தாறு. காசிமேட்டு ஆட்கள் வண்ணாரப்பேட்டைக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் என்ன உடைத்தும் பயன் இல்லை. உடைந்ததெல்லாம் வேறு பட்டறைக்குப் போயிற்று. தை வந்தது. அந்தக் கடையில் சோடா விற்கிற ஒருவன் பாட்டில்களை அடுக்கினான்.

அன்றைக்கு அக்காவிடம் போய், “அந்த ஸ்டாண்ட ஒடச்சது நான்தான்க்கா” என்றேன்.

“தெரியும்.”

“எப்டி?”

“தானா ஒடஞ்சா அந்த எடத்துல ஒடயாது. ஆணி தடம் இருந்திச்சு.” முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “கொயா கைப்பிடியும் நீதான். டீச்சர் வூட்டு ஜன்னலும் நீதான்.”

“அப்ப ஏன் திட்டல?”

“வேல வந்துச்சே” என்றாள். அப்புறம், “யார் வூட்டு சாமான்னு கேட்டிருக்கணும் நானு. கேக்காம வுட்டுட்டேன்” என்றாள். அந்தப் பழியையும் என்னிடம் விடாமல் அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் யார்டுக்கு ஒரு டாக்டர் வந்தார். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நாக்கை நீட்டு, கையை நீட்டு என்றார். பாய் நீட்டினார். அவ்வளவு நாள் காப்பாற்றியது அந்த ஒரு நிமிஷத்தில் முடிந்தது. காலை பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது. இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து அதைப் பங்குபோட்டுச் சாப்பிட்டதைச் சுவர் மேலிருந்து பார்த்தேன்.

இனிமேல் யாருக்காகவும் கெடுக்க வேண்டாம் அல்லவா? அதைத்தான் நான் நினைத்தேன். மறுநாளே எங்கள் வீட்டுக் குடம் வைக்கும் இரும்புத் தாங்கியின் காலை உடைத்து எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை சொல்லிவிட்டே உடைத்தேன். சிலிண்டரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“மேல்பக்கமே நல்லா வெய்க்கா. தெருவுக்கே எத்தினுபோய் காட்டுறேன். வேல தானா வரும்.”

அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கண்ணாடியை மாட்டினாள். டார்ச்சைப் பற்றவைத்தாள். பாய் பெட்டி மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து பார்த்தார்.

கம்பி உருகியது. ஒரு கட்டி. பக்கத்தில் இன்னொரு கட்டி. ஒன்று ஒதுங்கியது.

அவள் நிறுத்தி, அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது தடவை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். அது ஆடவில்லை. சும்மாதான் இருந்தது.

“மேல வெச்சா வரல, வேம்பு” என்றாள்.

தாங்கியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் நெருப்பைக் காட்டியதும் செதில் செதிலாக ஒட்டு விழுந்தது. ஒன்றின் மேல் ஒன்று, ஒரே அளவு, ஒரே சாய்வு. பாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்துவந்து, நடுங்குகிற கையால் அவள் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

வாடகைக்கு எடுத்த சிலிண்டர் அடுத்த வாரம் திரும்பிப் போயிற்று. இப்போது இருவரும் பீடி சுற்றுகிறார்கள். பாய் இலை நறுக்குவது கோணல்மாணலாக இருக்கும். அக்கா அதைத் திரும்ப நறுக்குவாள்.

எங்கள் அம்மா தாங்கியின் மேல் குடத்தை வைக்கும்போதெல்லாம், “லியாகத்து ஒட்டுன லட்சணத்த பாரு” என்பாள். நான் ஆமாம் என்பேன். வெள்ளிக்கிழமைதோறும் குடத்தை இறக்கிவிட்டு, தாங்கியைக் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் துரு ஏறாமல் தேய்த்து வைக்கிறேன். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவன் இதைமட்டும் ஏன் தேய்க்கிறான் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.